ஆறாம் அறையில் கேட்ட குரல்

காலை ஆறு மணிக்கு ஆயா நடைக்கூடத்து விளக்குகளை அணைப்பாள். ஜன்னல்களைத் திறப்பாள். ஏழு மணிக்கு இரவுப் பணி நர்ஸ் சாவிக்கொத்தைப் பெரிய சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். எட்டு மணிக்கு மேல் மருந்து வண்டி கிளம்பும். வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும். அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் விடுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஒன்பது மணிக்குக் கல்லூரி வேன் வரும். மாணவர்கள் இறங்கி ஆளுக்கொரு அறைக்குப் போவார்கள். பத்து மணிக்கு ஹார்ன் கேட்டதும் வெளியே வருவார்கள். வேன் போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு ஆறாம் அறைக்குள் போன ஆயா, தட்டைப் பிடித்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தாள்.

"அந்தம்மா கண்ணு பாதி திறந்திருக்கு," என்றாள்.

அது இனிக் குணமாகாது என்று கைவிடப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். அங்கே சாவு புதிதில்லை. ஆனால் ஆறாம் அறைப் பெண்மணிக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. டாக்டர் அவர் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. டார்ச்சை அணைத்தார். மறுபடி அடித்துப் பார்த்தார். பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் போலீசுக்குப் போன் செய்தார்.

இறந்தவரை எல்லோரும் ஸ்டேஷனம்மா என்று கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று காலமெல்லாம் ஊருக்குச் சொன்ன தொண்டையில்தான் புற்று வந்தது. கடைசி மாதங்களில் அவர் பேசியது வெறும் காற்று. வாய்க்கு அருகே காதை வைத்தால்தான் வார்த்தை புரியும்.

ஒரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண். எதிரில் இருப்பவர் பேசும்போது தலையாட்டாத பழக்கம் அவருக்கு உண்டு. அதனாலேயே பலர் தேவைக்கு மேல் பேசிவிடுவார்கள்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். பாட்டிலில் குறைந்திருப்பதை வைத்துப் பார்த்தால், வலிக்குக் கொடுக்கும் திரவ மருந்து இரண்டு வேளை அளவு, குறுகிய நேரத்துக்குள் உள்ளே போயிருக்கிறது. முதலில் தூக்கம் வரும். பிறகு மூச்சு குறையும். பிறகு நிற்கும்.

"எவ்வளவு நேரத்துல?"

"ரெண்டு மணி நேரம். மூணும் ஆகலாம். நடுவுல யாராவது பார்த்திருந்தா ஒரு முறிமருந்து ஊசி போதும், மேடம். எழுப்பி உக்கார வெச்சிருக்கலாம்."

வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இரவு நர்ஸை எழுப்பிப் போனில் விசாரித்தார்கள். ஸ்டேஷனம்மாவுக்கு விடியற்காலையில் வலி தாங்கவில்லை, அதனால் காலை வேளை மருந்தை ஏழு மணிக்கு முன்பே கொடுத்துவிட்டேன், பொறுப்பு ஒப்படைக்கும்போது பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள்.

பெரிய சிஸ்டர் ஆமாம் என்றார். வெள்ளைச் சீருடையில் ஒரு சுருக்கம் கிடையாது. இடுப்பில் சாவிக்கொத்து. "சொன்னாங்க. அதனால ஆறாம் நம்பருக்கு நான் கொடுக்கல. வண்டியை அந்த வாசல்ல நிறுத்திட்டு எதிர் ரூமுக்குப் போனேன். வண்டிப் பூட்டு கெட்டுப் போய் ஒரு வாரமாச்சு. யாரு வேணா திறக்கலாம்."

"யாரு திறந்தாங்க?"

"நான் பார்க்கல. ஒம்போது மணிக்கு அந்தக் காலேஜ் பொண்ணு உள்ள போச்சு. அவ்வளவுதான் தெரியும்."

அடுத்து ஆயா. அவளைப் பேச வைக்க ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இந்தக் காலேஜ் பிள்ளைகள் வருவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதில்லை, போர்வை இழுத்து விடுவதில்லை, பொம்மை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், இதற்கு ஒரு பட்டம் வேறு என்றாள். அவர்கள் வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும்: உரையாடல் நடக்கிறது, உள்ளே வராதீர்கள். அந்தப் பலகையால் அவள் வேலை கெட்டது. இன்றைக்கும் அப்படித்தான். பத்து மணிக்கு மேல் துடைக்க வந்தபோது பலகை இல்லை, சரி என்று தண்ணீர் மாற்றப் போனாள், வாளியோடு திரும்பினால் பலகை தொங்குகிறது. இன்னொரு பிள்ளையை அனுப்பிவிட்டார்கள் போல என்று அந்த அறையை விட்டுவிட்டு அடுத்ததைத் துடைத்தாள்.

"அதுக்கு முன்னாடி, அந்தப் பொண்ணு உள்ள இருந்தப்ப?"

"வாசல்ல பெருக்கிட்டிருந்தேன். அந்தம்மா சத்தமே இல்ல. பொண்ணு மட்டும்தான் பேசிச்சு. என் காதால கேட்டேன்மா."

"என்ன கேட்டீங்க?"

ஆயா குரலைத் தாழ்த்தினாள். "'ரெண்டாவது தடவையும் மருந்து குடிச்சாச்சு.' அப்படியே சொல்லுச்சு. எனக்கு அப்பத் தோணல."

இன்ஸ்பெக்டர் தலையாட்டவில்லை. ஆனால் கான்ஸ்டபிளைப் பார்த்தார். அவன் கல்லூரிக்குக் கிளம்பினான்.

வெளி பெஞ்சில் மகன் உட்கார்ந்திருந்தான். லிப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் போகாமல் அப்படியே வந்திருந்தான். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இடைவேளையில் அம்மாவைப் பார்க்க வருவது அவன் வழக்கம். இன்றைக்கும் வந்தான். பலகை தொங்கியது. போன மாதம் ஒருமுறை அதைப் பார்க்காமல் உள்ளே போய், நல்ல பேச்சைக் கெடுத்துவிட்டாய் என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அதனால் இதே பெஞ்சில் காத்திருந்தான். இடைவேளை முடிந்தது. போய்விட்டான்.

"உள்ள சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

"இல்ல மேடம். நல்லாப் பேசிட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தார்கள். கூடவே பேராசிரியரும் வந்தார். பெண்ணுக்கு இருபது வயது. வகுப்பில் அவளுக்குக் கிளி என்று பெயர். பார்வையாளர் அறையில் ஜன்னலுக்குத் தூரமாக உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நடுக்கத்தை மறைக்கத்தான் அப்படி. முழங்கால் நடுங்கியது தெரிந்தது.

பேராசிரியர் முந்திக்கொண்டு பேசினார். சமயமும் தத்துவமும் படிக்கிற பிள்ளைகள் மூன்று வருடம் சாவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள், சாகிற ஒருவரையும் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள், அதனால்தான் இந்த வருடத்திலிருந்து நேரடிப் பயிற்சி என்றார். சிலர் சிறைக்குப் போகிறார்கள். சிலர் மருத்துவமனையில் சிகிச்சையை நிறுத்தலாமா என்று முடிவு செய்யும் கூட்டங்களில் உட்காருகிறார்கள். சிலர் இங்கே. விதிகள் மூன்று. எதையும் கொடுக்கக் கூடாது. எதையும் வாங்கக் கூடாது. அறையில் கேட்டது அறையிலேயே இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் அவரை நிறுத்திவிட்டுப் பெண்ணிடம் திரும்பினார்.

"மருந்து கொடுத்தியா?"

"இல்ல மேடம்."

"ரெண்டாவது தடவையும் குடிச்சாச்சுன்னு சொன்னியா?"

அவள் உதடு அசைந்தது. பிறகு, "சொன்னேன்," என்றாள்.

"ஏன் சொன்ன?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"அவங்க என்ன பேசினாங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அந்த விதியிலிருந்து உன்னை விடுவிக்கிறேன் என்றார் பேராசிரியர். அவருக்கும் வியர்த்திருந்தது. அவள் தலையை அசைத்தாள். "வாக்கு உங்களுக்குக் கொடுக்கல சார். அவங்களுக்குக் கொடுத்தேன்."

"செத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கு செல்லுமாம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"போன செமஸ்டர்ல அது பத்து மார்க் கேள்வி, மேடம்." சொன்னவள் சிரிக்கவில்லை. பல் கிட்டித்துப் போயிருந்தது.

இது கொலை வழக்கு என்று இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். ஐந்து மணிக்குள் வாய் திறக்காவிட்டால் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், ராத்திரி அங்கேதான் இருக்க வேண்டும் என்றார். வீட்டில் யாருக்குச் சொல்லட்டும் என்று கேட்டார்.

"அப்பாவுக்குச் சொல்லாதீங்க. அவரு என்னைக் கணக்குப் படிக்கச் சொன்னாரு."

அவள் அழவில்லை. வாசல் பக்கம் யார் நடந்தாலும் உடம்பு தூக்கிப் போட்டது.

வெளியே வந்த இன்ஸ்பெக்டருக்கு அந்த முழங்கால் உறுத்தியது. பயந்தவர்கள் பொய் சொல்வார்கள். இவள் பொய்யும் சொல்லவில்லை. சொன்னேன் என்று ஒப்புக்கொண்டவளுக்கு ஏன் சொன்னேன் என்று சொல்ல மட்டும் என்ன தடை?

பேராசிரியர் கெஞ்சினார். ஒரே ஒருமுறை வகுப்புக்கு வாருங்கள், நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று பாருங்கள், அப்புறம் யாரை வேண்டுமானாலும் கைது செய்யுங்கள், என்னையும் சேர்த்து என்றார்.

மூன்றரை மணி. கல்லூரியின் மாடி வகுப்பறை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பையனின் குரல் மட்டும் கேட்டது.

"ஒரு வருஷமா பேசல."

அமைதி.

"நான்தான் முதல்ல கதவைச் சாத்தினேன்."

அமைதி.

"இப்பத் திறக்கப் பயமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். யாரோ ஒரு பையன் மனம் விட்டு எதையோ ஒப்புக்கொள்கிறான். இந்த நேரத்தில் உள்ளே போவது முறையில்லை. பிறகு கதவின் கண்ணாடிச் சதுரத்தில் பார்த்தார். நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. பேசிய பையனுக்கு எதிரே, வாசலுக்கு முதுகு காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்தான் குலுங்கியது. அவள் ஏதோ முணுமுணுத்தாள். வெளியே கேட்கவில்லை. பையன் மறுபடி உரக்கச் சொன்னான்: "அம்மாவாவது கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன்."

"இவன் கதை இல்லையா இது?" என்று பக்கத்தில் நின்ற பேராசிரியரிடம் கேட்டார்.

"அந்தப் பொண்ணோட கதை. இவன் திருப்பிச் சொல்றான். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது. கேட்டது சரிதானான்னு அவங்களுக்கே காட்டணும். தத்துவம் படிக்கிறவன் வாயைத் திறந்தா அறிவுரைதான் வரும் மேடம். அதை அடைக்கத்தான் இந்தப் பயிற்சி."

"அந்தப் பொண்ணுக்குக் கிளின்னு ஏன் பேரு?"

பேராசிரியர் பதில் சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

ஐந்து மணி. பார்வையாளர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். டாக்டர், பெரிய சிஸ்டர், ஆயா, மகன், பேராசிரியர். கிளி அதே நாற்காலியில். கான்ஸ்டபிள் வாசலில் நின்றதைப் பார்த்து அவள் தன்னைக் கூட்டிப் போகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். உட்காரும்மா என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆயா சொன்னது அத்தனையும் உண்மை. இந்தப் பொண்ணு அதைச் சொல்லுச்சு. ஆனா அது இந்தப் பொண்ணோட பேச்சு இல்ல. ஸ்டேஷனம்மா பேச்சு. அவங்க குரல் கட்டிலைத் தாண்டாது. இந்தப் பொண்ணோட குரல் வாசல் வரைக்கும் வரும். ரெண்டாவது தடவையும் மருந்து குடிச்சாச்சுன்னு சொன்னது ஸ்டேஷனம்மா. இவ திருப்பிச் சொன்னா. அவ்வளவுதான்."

ஆயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா இந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டாவது மருந்து உள்ள போயாச்சு. ஏழு மணிக்கு நைட் சிஸ்டர் கிளம்பிட்டாங்க. ஒம்போது மணிக்கு இவ வந்தா. நடுவுல மருந்து வண்டியைத் தள்ளினவங்க ஒருத்தர்தான்."

வண்டி அனாமத்தாக வாசலில் நின்றது, பூட்டும் கிடையாது என்று பெரிய சிஸ்டர் மறுபடி சொன்னார். குரலில் அதட்டல் இருந்தது. முன்பின் தெரியாத ஆள் மருந்தை நீட்டினால் ஸ்டேஷனம்மா குடித்திருப்பாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கிளியிடம் திரும்பினார்.

"அவங்க பேச்சைப் பத்தி ஒண்ணும் கேக்கல. உன்னைப் பத்தி மட்டும் கேக்கறேன். பத்து மணிக்கு வெளிய வந்தப்ப பலகையை என்ன பண்ணின?"

"கழட்டினேன். எப்பவும் கொண்டுபோய்க் கொடுத்துடணும்."

"யார்கிட்ட?"

கிளியின் கண்கள் முதல்முறையாகப் பெரிய சிஸ்டர் பக்கம் போயின. "சிஸ்டர் கையில. நல்லாத் தூங்கறாங்கன்னு சொல்லிட்டுக் கொடுத்தேன்."

"பத்து மணிக்கு வேன் போயாச்சு. வேன்ல எல்லாப் பிள்ளைங்களும் இருந்தாங்க. பத்து மணிக்கு மேல ஆயா வந்தப்ப பலகை இல்ல. வாளியை நிரப்பிட்டு வந்தா பலகை இருக்கு. பதினோரு மணிக்கு மகன் வந்தப்பவும் இருக்கு. உள்ள பேசறதுக்கு ஒருத்தரும் கிடையாது. அப்ப யாருக்காகத் தொங்கிச்சு அது?"

பெரிய சிஸ்டரின் இடுப்பில் சாவிக்கொத்து மெல்லச் சத்தம் போட்டது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை.

"நைட் சிஸ்டர் சொன்னப்ப நான் போன்ல இருந்தேன்," என்றார். "காதுல விழுந்துச்சு. மனசுல விழல. வழக்கம் போல மருந்தைக் கொடுத்துட்டேன். அந்தம்மா என்னமோ முணுமுணுத்தாங்க. எனக்கு இன்னும் எட்டு ரூம் இருந்துச்சு. குனிஞ்சு கேக்கல. பொண்ணு வந்து தூங்கறாங்கன்னு சொன்னப்பதான் சுரீர்னு ஞாபகம் வந்துச்சு. ஓடிப் போய்ப் பார்த்தேன். மூச்சு இருந்துச்சு. எண்ணி எண்ணி விடற மாதிரி."

"ஊசி?" என்றார் டாக்டர்.

"அலமாரியில. சாவி இங்க." அவர் சாவிக்கொத்தைப் பார்த்தார். "எடுத்தா ஏன் எடுத்தேன்னு சொல்லணும். அஞ்சு நிமிஷம் யோசிச்சுக்கலாம், அதுக்குள்ள யாரும் வந்துடக் கூடாதுன்னு பலகையை மாட்டினேன். அந்த அஞ்சு நிமிஷம் முடியவே இல்ல. ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து காது வெச்சுக் கேட்டேன். ரெண்டாவது தடவை இவரு பெஞ்சில இருந்தாரு."

மகன் எழுந்தான். "அப்ப அம்மா…"

"மூச்சு இருந்துச்சு," என்றார் பெரிய சிஸ்டர்.

மகன் நின்ற இடத்திலேயே நின்றான். கிரீஸ் படிந்த கைகள் எதையோ பிடிக்கப் போவது போல் பாதியில் விரிந்திருந்தன. பெரிய சிஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கான்ஸ்டபிள் ஓரடி முன்னால் வந்தான்.

"அவங்களே போனாப் போதும்னுதான் இருந்தாங்க," என்றார் பெரிய சிஸ்டர் அவசரமாக. "சத்தியமா. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். வாழணும்னு ஆசையே விட்டுப் போச்சு அவங்களுக்கு."

அவரைக் கூட்டிப் போனார்கள். நடைக்கூடத்தில் சாவிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு இன்ஸ்பெக்டர் சாவியைக் கேட்டு வாங்கினார் போல. சத்தம் நின்றது. டாக்டரும் ஆயாவும் போனார்கள். பேராசிரியர் வேனைக் கூப்பிடப் போனார்.

மகன் போகவில்லை. கிளியும் போகவில்லை. இனிப் போகலாம் என்று அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் முழங்கால் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து வாசலில் நின்று அதைக் கவனித்தார். கைது பயம் தீர்ந்த பிறகும் இந்தப் பெண் எதற்கு நடுங்குகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

மகன் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன்.

"தங்கச்சி. வாக்கு கீக்குன்னு சொன்னியாம். எனக்கு மத்ததெல்லாம் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த சிஸ்டர் சொன்ன மாதிரியா? போனாப் போதும்னா அம்மா இருந்துச்சு?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள். இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், இது உங்களுடையது என்றாள்.

ஸ்டேஷனம்மா அன்றைக்கு அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து வயதில் அவன் நடைமேடையில் தொலைந்து போனது. சொந்தப் பிள்ளையைக் காணவில்லை என்று அவரே மைக்கில் சட்டை நிறம் சொல்லி அறிவித்தது. மூன்றாவது முறை அறிவிக்கும்போது குரல் உடைந்து, நிலையமே திரும்பிப் பார்த்தது. அங்கே கதை நின்றது. இமை கனத்துவிட்டது. கிளி கதையின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். கதை தொடரவில்லை. மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்பது பாடம். வெறும் தூக்கம் என்று நினைத்து, எழுப்பாமல் காத்திருந்தாள். மூச்சை அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து மணிக்கு ஹார்ன் கேட்டது. எழுந்து வந்துவிட்டாள்.

"நான் வாய் திறக்காததுக்கு வாக்கு மட்டும் காரணம் இல்லண்ணா," என்றாள். "கண்ணை மூடறதுக்கு முன்னாடி அவங்க என் விரலைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒண்ணு சொன்னாங்க. அதை மட்டும் நான் திருப்பிச் சொல்லல."

மகன் குனிந்து காதை அவள் வாய்க்கு அருகே கொண்டுவந்தான். அவள் அதே காற்றுக் குரலில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"கொஞ்சம் தூங்கிக்கறேன். எழுந்ததும் மீதியைச் சொல்றேன். போயிடாதே."